அசையும் தலையில் அசையாத பார்வை



புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலாத்தும் ஸலாமும் எங்கள் தலைவர் முஹம்மத் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே, அன்புக்குரிய இளைஞர்களே! எத்தனையோ வீடுகளில் ஒரு மூத்தம்மாவோ மூத்தப்பாவோ இருக்கின்றார். ஸுஜூதிலிருந்து தலையை உயர்த்தும் கணத்தில் அறை முழுவதும் சுழல்கிறது என்கிறார். பக்கத்துச் சுவரைப் பற்றிக்கொள்கிறார். சில நாட்களில் தொழுகை விரிப்பைக் கண்டாலே அஞ்சுகிறார். வீட்டார் என்ன செய்கிறார்கள்? ஒருவரிடம் அழைத்துச் சென்று நூல் கட்டுகிறார்கள். இன்னொருவரிடம் தண்ணீர் ஓதி வாங்குகிறார்கள். தொழுகையில் மட்டும் வருகிறதென்றால் அது ஜின்னின் தீண்டலாகத்தான் இருக்கவேண்டும் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல் அம்முதியவரின் உள்ளத்தில் விழுந்து, தலைச்சுற்றை விடப் பெரிய நோயாகிவிடுகிறது.

இன்றைய உரை அந்த முதியவரின் பொருட்டும் அவருடைய பிள்ளைகளின் பொருட்டும் ஆகும். அந்தத் தலைச்சுற்று எங்கிருந்து வருகிறது என்பதை விளங்குவதற்கு, நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்திராத ஓர் அருட்கொடையை முதலில் விளங்கவேண்டும். தலை அசையும்போதும் பார்வை அசையாமல் நிற்கிறதே, அந்த அருட்கொடை.

வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் இருந்த இடத்திலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். உங்கள் உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடியுங்கள். தலையை அசைக்காமல் கையை மட்டும் இடமும் வலமுமாக விரைந்து ஆட்டுங்கள். கையிலுள்ள ரேகைகள் மங்கிக் கலைந்துவிடும். இப்போது கையை அப்படியே நிறுத்திவிட்டு, "இல்லை" என்று மறுப்பதைப் போன்று தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். ரேகைகள் தெளிவாகவே தெரியும். கை ஆடினாலும் தலை ஆடினாலும் கண்ணுக்கும் கைக்கும் இடையிலான அசைவு ஒன்றுதான். முதலாவதில் பார்வை தோற்றது, இரண்டாவதில் வென்றது. ஏன்?

பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் தெறிவினை என்று படித்திருப்பீர்கள். சூடான சட்டியில் விரல் பட்டால், சிந்திப்பதற்கு முன்னரே கை பின்வாங்குகிறதல்லவா? அதைப் போன்ற ஒரு தெறிவினைதான் உங்கள் பார்வையைக் காத்தது. நமது ஒவ்வொரு காதின் உட்புறத்திலும், கேட்கும் உறுப்பை அடுத்து, மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தான மூன்று திசைகளில் அமைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றினுள் ஒரு திரவம் நிரம்பியிருக்கிறது. பஸ் வண்டி திடீரெனப் புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னே சாய்கிறாரல்லவா? அவ்வாறே தலை திரும்பும்போது அத்திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலினால் அங்குள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் வளைகின்றன. உடனே செய்தி மூளைத்தண்டுக்குப் பாய்ந்து, அங்கிருந்து கண்ணை அசைக்கும் தசைகளை அடைகிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் அப்படி ஆறு தசைகள். தலை வலப்புறம் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு கண்கள் இடப்புறம் திரும்புகின்றன. பார்த்த பொருள் விழித்திரையில் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

இந்தப் பாதையில் மூன்றே மூன்று நரம்புக் கலங்கள்தாம் உள்ளன. அதனால் எல்லாம் சுமார் 10 மில்லிசெக்கனில், அதாவது ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கில் முடிந்துவிடுகிறது. கண்ணால் கண்டு, மூளை ஆராய்ந்து, பின்னர் கண்ணைத் திருப்புவதாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு நேரம் செல்லும். முதற்சோதனையில் கையின் ரேகைகள் கலைந்தது அத்தாமதத்தினால்தான். நாம் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் தலை மேலும் கீழும் குலுங்குகிறது. இந்த வேகம் அருளப்பட்டிராவிட்டால், வீதியில் நடந்துகொண்டே எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காணக்கூட நம்மால் இயலாது. மனிதனைப் படைத்து, ஒழுங்குபடுத்தி, செவ்வையாக அமைத்தவன் தன் இரட்சகன் என்று ஸூரா அல்இன்ஃபிதார் நினைவூட்டுகின்றது. அந்தச் செவ்வைக்கு இதைவிட அருகிலுள்ள சான்று வேறென்ன வேண்டும்!

ஆனால் காது ஒன்றினால் மட்டும் இது நிறைவேறுவதில்லை. சீரான வேகத்தில் நீண்ட நேரம் சென்றால் உட்காதின் உணர்வு தேய்ந்துவிடும். அப்போது கண்ணே கைகொடுக்கின்றது. பளையிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புகையிரதத்தில் செல்லும்போது, யன்னலருகே அமர்ந்து வெளியே பார்ப்பவரின் கண்களை எதிர் ஆசனத்திலிருந்து கவனித்துப் பாருங்கள். பின்னோக்கி ஓடும் ஒரு தென்னையையோ பனையையோ கண் மெதுவாகப் பின்தொடரும். பிறகு வெடுக்கென்று முன்னே தாவி அடுத்த மரத்தைப் பற்றும். மீண்டும் பின்தொடரும், மீண்டும் தாவும். பார்ப்பவருக்கோ தம் கண்கள் இப்படித் துள்ளுவது தெரியவே தெரியாது. போரினால் 1990இல் நின்றுபோன யாழ்தேவி, 2014 மார்ச் 4ஆம் திகதி பளை வரையும், அதே ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட ஏழு மாதங்கள் பளைதான் இறுதித் தரிப்பிடம். அந்நாட்களில் இங்கே வந்திறங்கிய அத்தனை பயணிகளின் கண்களும் வழிநெடுகத் துள்ளிக்கொண்டுதான் வந்திருக்கும். 1825ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் புர்கின்யே என்ற அறிஞர், குதிரைப்படை அணிவகுப்பைப் பார்த்து நின்ற மக்களின் கண்களில் இதே துள்ளலைக் கண்டு எழுதிவைத்தார். புகையிரதத்தில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியைப் பார்த்தால் சிலருக்குக் குமட்டுகிறதே, அதுவும் இதே காரணத்தினால்தான். நகர்கிறோம் என்று காது சொல்கிறது, எதுவும் நகரவில்லை என்று திரையைப் பார்க்கும் கண் சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் நீதிபதி குழம்பத்தானே செய்வார்!

மூன்றாவது சாட்சி கழுத்து. கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இதை அறிவார்கள். கோழியை இரு கைகளாலும் மெல்லப் பிடித்து உடலை முன்னும் பின்னும் அசைத்தால், அதன் தலை மட்டும் ஆகாயத்தில் ஆணி அடித்தாற்போல் ஓரிடத்தில் நிற்கும். கோழியின் கண்கள் நம்முடையவற்றைப் போன்று தாராளமாகச் சுழல்வன அல்ல. ஆகவே பார்வையை நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை அதன் கழுத்து செய்கின்றது. மனிதனிலும் அந்தத் தெறிவினை உண்டு. உடல் குலுங்கும்போது கழுத்துத் தசைகள் தாமாகவே இறுகியும் தளர்ந்தும் தலையை நிதானப்படுத்துகின்றன. அதற்கு மேலும் ஒன்று உண்டு. மண்டையோட்டின் அடியிலுள்ள சிறிய கழுத்துத் தசைகளில் உணர்வு முனைகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. உடலின் மேல் தலை எவ்வளவு திரும்பியிருக்கின்றது என்பதை அவை மூளைக்கு அறிவிக்கின்றன. தலை மட்டும் திரும்பியதா, உடல் முழுவதும் திரும்பியதா என்பதைக் காது தனித்து அறியாது. கழுத்தின் சாட்சியும் சேர்ந்தால்தான் அது தெளிவாகும். கழுத்திலிருந்து கண்ணுக்குச் செல்லும் ஒரு தெறிவினையும் இருக்கின்றது. சுகதேகிகளில் அது மிகவும் பலவீனமானது, இருப்பதே தெரியாது. உட்காதின் சமநிலை உறுப்பு பழுதடைந்தவர்களிலோ அது வலுப்பெற்று, காது விட்ட வேலையில் ஒரு பங்கைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. தூண் ஒன்று சாய்ந்தால் மற்றத் தூண் பாரத்தை ஏற்கும்படி ரப்புல் ஆலமீன் அமைத்திருக்கிறான்.

இவற்றையெல்லாம் மேற்கத்தியர்தாம் கண்டார்கள் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய கிதாபுல் மனாளிர் என்னும் நூலில், ஒரு பொருளை உறுதியாக அறிவதற்குக் கண் தன் நடுக்கோட்டை அப்பொருளின் ஒவ்வொரு பகுதியின் மீதும் செலுத்திச் செல்லவேண்டும் என விளக்கினார். விழித்திரையின் நடுவேயுள்ள மிகச் சிறிய இடம் மட்டுமே கூர்மையாகப் பார்க்கவல்லது என்று இன்று நாம் அறிவதை நினைத்தால், அவருடைய கூர்மை வியப்பளிக்கின்றது. காதின் பங்கை அவர் அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குப் பல நூற்றாண்டுகள் செல்லவேண்டியிருந்தது. முன்னோரின் பெருமையை மிகைப்படுத்திப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையுமன்று.

இளைஞர்களே, இவ்விடத்தில் உங்களோடு சற்று நிற்க விரும்புகிறேன். இத்தனை ஏற்பாடுகளும் பார்வையை நிலைநிறுத்துகின்றன. ஆனால் எதன் மீது நிலைநிறுத்துவது என்பதை அவை தீர்மானிப்பதில்லை. குர்ஆன் பிரதியின் மீது வைத்தாலும், பார்க்கத் தகாத ஒன்றின் மீது வைத்தாலும், காதும் கழுத்தும் ஒரே விசுவாசத்துடன் ஊழியம் செய்யும். வழியில் ஏதேனும் திடீரென அசைந்தால் கண் தானாக அப்பக்கம் திரும்புகிறது. அதுவும் ஒரு வகைத் தெறிவினையே. திடீரென விழுந்துவிடும் பார்வை பற்றி ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வினவியபோது, பார்வையைத் திருப்பிக்கொள்ளுமாறு பணித்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கின்றது. முதற்பார்வையைத் தொடர்ந்து இரண்டாவது பார்வையைச் செலுத்த வேண்டாம் என்ற கருத்தில் அலீ (ரழி) அவர்களுக்கு அறிவுரை கூறியதை அபூதாவூதும் திர்மிதியும் அறிவிக்கின்றன. மார்க்கம் தெறிவினைக்குக் கணக்குக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தெறிவினை முடிந்து நமது நாட்டம் தொடங்கும் அந்த இரண்டாவது பார்வையிலேயே கணக்குத் தொடங்குகின்றது. கைத்தொலைபேசியின் திரையில் ஒரு படம் தானாக வந்து விழுகின்றது. விரல் அங்கே தங்குகிறதா, தள்ளிவிடுகிறதா? நம் காலத்தின் இரண்டாவது பார்வை அந்த விரலில் இருக்கின்றது.

அத்திரையைப் பற்றி இன்னொன்று. மணிக்கணக்கில் தலையைக் குனிந்திருப்பவரின் கழுத்துத் தசைகள் தலையின் பாரத்தைச் சுமந்து களைத்துப்போகின்றன. கழுத்து வலியுள்ளவர்களைச் சோதித்த நெதர்லாந்து ஆய்வாளர்கள், கழுத்திலிருந்து கண்ணுக்குச் செல்லும் தெறிவினை அவர்களில் வழமையை விட மிகுந்திருப்பதையும், காதிலிருந்து செல்லும் தெறிவினை மாறாதிருப்பதையும் 2016இல் வெளியிட்டார்கள். அளவுக்கு மிஞ்சிப் பேசும் சாட்சியும் தொந்தரவுதான். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது பார்வை களைப்பதும் தலை இலேசாகச் சுற்றுவதும் நேரலாம். பிள்ளையின் தலைச்சுற்றுக்கு மருந்து தேடும் பெற்றோர், அவன் இரவில் எத்தனை மணி வரை குனிந்திருக்கிறான் என்பதையும் சற்றுத் தேடிப்பாருங்கள்.

இனி, இந்த அருட்கொடை தவறினால் என்ன ஆகும்? 1952ஆம் ஆண்டு அமெரிக்க வைத்திய சஞ்சிகை ஒன்றில் ஒரு வைத்தியர் ஜே. சி. என்ற எழுத்துகளை மட்டும் இட்டுத் தம் அனுபவத்தை எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து அவருடைய நோய்க்கு ஏற்றப்பட்டது. அம்மருந்து அவருடைய இரு காதுகளின் சமநிலை உறுப்புகளையும் அழித்துவிட்டது. கேட்கும் சக்தி இருந்தது, கண்ணிலும் குறையில்லை. ஆயினும் கட்டிலில் படுத்தவாறு புத்தகம் வாசிக்க அவரால் இயலவில்லை. இதயம் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் தலை அணுவளவு அசைய, அந்த அசைவுக்கே எழுத்துகள் துள்ளின. கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கிடையில் தலையை அழுத்தி வைத்துக்கொண்டே வாசித்தாராம். வீதியில் நடக்கும்போது எதிரே வருபவரின் முகம் தெரியாது, நின்றால்தான் தெரியும். சுப்ஹானல்லாஹ்! நம் இதயம் துடிக்கும்போதெல்லாம் நம் பார்வையை யாரோ தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை, அது பறிபோன ஒருவர் எழுதித்தான் உலகம் உணர்ந்தது.

அவருக்கு நேர்ந்தது அரிது. நமது மூத்தம்மாவுக்கு நேர்ந்ததோ மிகவும் சாதாரணம். உட்காதில், அரைவட்டக் கால்வாய்களை அடுத்த பையில், சுண்ணாம்புச் சத்தாலான நுண்ணிய மணிகள் படிந்திருக்கின்றன. புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணர்வதற்காக அவை வைக்கப்பட்டிருக்கின்றன. வயது ஏற ஏற, அல்லது தலையில் ஓர் அடி பட்டதன் பின்னர், அவற்றில் சில கழன்று கால்வாய்க்குள் விழுந்துவிடலாம். அப்போது தலையைத் தாழ்த்தினாலோ, படுக்கையில் புரண்டாலோ, உயரத் தட்டில் உள்ளதை அண்ணாந்து பார்த்தாலோ, அம்மணிகள் உருண்டு திரவத்தை அசைக்கின்றன. தலை நின்றுவிட்டபோதிலும் அது இன்னும் சுழல்கிறது என்று காது பொய்ச் சாட்சி கூறுகிறது. அந்தப் பொய்யை நம்பிக் கண்கள் துள்ளுகின்றன. உலகம் சுழல்வதாகத் தெரிகிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். தலைச்சுற்று நோய்களில் மிகவும் அதிகமாகக் காணப்படுவது இதுதான்.

இப்போது சொல்லுங்கள், இது ஏன் ஸுஜூதில் வருகின்றது? ஜின் தொழுகையை வெறுப்பதனாலா? இல்லை. ஒரு நாளில் அம்முதியவர் தம் தலையை முழுமையாகத் தரையளவுக்குத் தாழ்த்தி உயர்த்துவது ஸுஜூதில்தான். ஐவேளை பர்ளுத் தொழுகைகளில் மட்டும் பதினேழு றக்அத்துகள், முப்பத்து நான்கு ஸுஜூதுகள். தொழாதவருக்கு இதே நோய் கட்டிலில் படுக்கும்போது வரும், சப்பாத்து நாடாவைக் கட்டக் குனியும்போது வரும்.

இதற்கு ஒரு சிகிச்சை உண்டு. அது மாத்திரையன்று, சத்திர சிகிச்சையுமன்று. நோயாளியைக் கட்டிலில் இருத்தி, தலையை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில், ஒவ்வொரு நிலையிலும் சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சென்றால், வழிதவறிய மணிகள் புறப்பட்ட பைக்கே திரும்பி வந்துவிடும். எப்லி என்ற அமெரிக்க வைத்தியர் 1980இல் இதை வெளிப்படுத்தியபோது, இவ்வளவு எளிதாகவா என்று சக வைத்தியர்களே நம்ப மறுத்தார்கள். இன்று உலகெங்கும் செய்யப்படுகின்றது. சில நிமிடங்களே செல்லும். பலருக்கு ஓரிரு தடவைகளிலேயே குணம் கிடைத்துவிடுகின்றது. எனினும் கழுத்தெலும்பில் நோயுள்ளவர்களுக்குக் கவனம் தேவை. எந்தக் காதில், எந்தக் கால்வாயில் என்பதையும் முதலில் அறியவேண்டும். ஆகவே கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு மூத்தம்மாவின் தலையைத் திருப்பாதீர்கள். பிரதேச வைத்தியசாலையில் காட்டி, கடிதம் பெற்று, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் எதுவுமில்லை. நூல் கட்டியவருக்குக் கொடுத்த ஹதியாவை எண்ணிப் பார்த்தால் பஸ் கட்டணம் பெரிதுமல்ல.

ஓதிப்பார்ப்பதை நான் மறுக்கிறேன் என்று எவரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். ஃபாத்திஹாவை ஓதுங்கள், முஅவ்விததைன் ஓதுங்கள், பிள்ளைகள் தாயின் தலையில் கைவைத்து துஆ செய்யுங்கள், அது ஸுன்னத்தாகும். ஆனால் உபை இப்னு கஃபு (ரழி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு வைத்தியரையே அனுப்பிவைத்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஓதுதலை வைத்தியத்துக்குப் பதிலாக வைப்பதுதான் தவறு. அது சில வேளைகளில் உயிரையே பறித்துவிடும். ஏனெனில் எல்லாத் தலைச்சுற்றும் இந்த மணிகளால் வருவதன்று. தலைச்சுற்றோடு பேச்சுக் குழறினால், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், முகமோ கையோ காலோ ஒருபுறம் வலுவிழந்தால், என்றுமில்லாத தலைவலி வந்தால், பிடித்துக்கொண்டும் நடக்க இயலாதுபோனால், அது மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டதாக இருக்கலாம். அவ்வேளையில் ஒரு நிமிடமும் வீணாக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். வடபுல முஸ்லிம்களுக்கு அந்த இலக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்லவேண்டியதில்லை. வீடுவாசலை விட்டுப் புறப்பட்ட ஆண்டாக அது நெஞ்சில் பதிந்தே இருக்கின்றது.

காதுக்கும் கண்ணுக்கும் உள்ள இத்தொடர்பைச் சோதித்தறியும் வழியைக் கண்டவர் றொபர்ட் பாரனி என்ற வியன்னா நகர வைத்தியர். காதைக் கழுவ நீர் பாய்ச்சியபோது நோயாளிகளுக்குத் தலைசுற்றிக் கண் துள்ளுவதைக் கண்டார். நீர் குளிர்ந்திருந்தால் ஒரு திசையில் துள்ளியது, சூடாயிருந்தால் மறுதிசையில் துள்ளியது. நோயாளியின் முறைப்பாட்டை அலட்சியம் செய்யாமல் கேட்டதனால் கிடைத்த அறிவு அது. 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, முதலாம் உலகப் போரில் ரஷ்யரிடம் சிறைப்பட்டு அவர் மர்வ் நகரில் இருந்தார். இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் பிறந்த அதே மர்வ்! 1916இல்தான் விடுவிக்கப்பட்டுப் பரிசைப் பெற்றுக்கொண்டார்.

போர் என்றதும் நம் மண்ணின் நிலையையும் சொல்லியாகவேண்டும். குண்டு வெடிப்பின் அதிர்வு செவிப்பறையை மட்டுமன்றி உட்காதையும் தாக்கவல்லது. 2009 வரை இந்த வன்னி நிலத்தில் வெடிகளுக்கிடையே வாழ்ந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், நமக்கு அயலவர்களாக இருக்கிறார்கள். சந்தையிலோ வீதியிலோ ஒருவர் தள்ளாடினால் "குடித்திருக்கிறான்" என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மதுவும் அப்படித்தான் தள்ளாட வைக்கிறது என்பது உண்மையே. அது உட்காதின் உணர்கருவிக்குள் ஊடுருவி அதன் எடையை மாற்றிவிடுவதனால், குடித்தவன் படுத்தாலும் அறை சுழல்கிறது, கண் துள்ளுகிறது. அல்லாஹ் விலக்கியதன் தீங்கு காதுக்குள்ளும் எட்டுகின்றது. ஆனால் தள்ளாடும் ஒவ்வொருவரும் குடிகாரரல்லர். ஒரு முஸ்லிமல்லாத அயலவராயினும் அவர்மீது தீய எண்ணம் கொள்ளும் உரிமை நமக்கில்லை.

இனி, சிகிச்சை கிடைக்கும் வரை தொழுகைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். நின்று தொழவேண்டும், இயலாவிட்டால் உட்கார்ந்து, அதற்கும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்துத் தொழவேண்டும் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் வழிகாட்டியதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய, நமது அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈனில் இதற்கு ஓர் உதாரணம் வருகின்றது. கப்பலில் செல்பவர் எழுந்து நின்றால் தலை சுற்றும் என்று அஞ்சினால் உட்கார்ந்து தொழலாம் என்பது அதன் கருத்து. பாருங்கள், தலைச்சுற்று என்பதையே பெயர் சொல்லி நம் ஃபுகஹாக்கள் தகுந்த காரணமாக ஏற்றிருக்கிறார்கள். அதை ஜின்னின் வேலை என்று அவர்கள் எழுதவில்லை. அலையில் ஆடும் கப்பலில் குழம்புவதும், மணி கழன்று குழம்புவதும் காதிலுள்ள அதே சமநிலை உறுப்புத்தான்.

ஆகவே நிற்க முடிந்த முதியவர் நின்றே தக்பீர் கட்டட்டும். குனிவதால் சுற்று வருமாயின் இயன்ற அளவு ருகூஃ செய்யட்டும். ஸுஜூதுக்கு உட்கார்ந்து, ருகூஃவை விடச் சற்று அதிகமாகத் தலையைத் தாழ்த்திச் சைகை செய்யட்டும். நோயாளியாக இருப்பவருக்கு, சுகமாயிருந்தபோது செய்துவந்த அமல்களின் கூலி எழுதப்படுகின்றது என்பது புகாரியில் வரும் ஹதீஸின் கருத்து. தம் தொழுகை குறைந்துவிட்டதாக அவர் கண்கலங்க வேண்டியதில்லை. சிறிய அளவில் சுற்றுபவர்கள், இறங்கும்போதும் எழும்போதும் நிதானத்தைக் கைக்கொண்டாலே பெரிதும் ஆறுதலடைவார்கள். பார்வையை ஸுஜூது செய்யும் இடத்தில் பதித்து வைப்பது எப்படியும் ஸுன்னத்தல்லவா? துமஃனீனா எனப்படும் அந்நிதானம் நமது மத்ஹபில் தொழுகையின் ஃபர்ளுகளில் அடங்கியது. தராவீஹில் இருபது றக்அத்தை எத்தனை நிமிடத்தில் முடித்தோம் என்று பெருமை பேசும் இமாம்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். பின் ஸஃப்பில் நிற்கும் ஒரு முதியவரின் காதிலுள்ள திரவம் அடங்குவதற்குள் நீங்கள் அடுத்த ஸுஜூதுக்குப் போய்விடுகிறீர்கள்.

இறுதியாக ஒன்று. சிகிச்சையின் பின்னும் சிலருக்குச் சில வாரங்கள் தள்ளாட்டம் மிஞ்சும். விழுந்துவிடுவார் என்று அஞ்சி, "நீங்கள் படுத்தே இருங்கள்" என்று பிள்ளைகள் கட்டிலில் கிடத்திவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆயினும் அது குணமடைவதைப் பிற்போடுகிறது. புதிய மூக்குக் கண்ணாடி அணிந்தவருக்கு முதலிரு நாட்கள் தரை அசைவது போலிருந்து பின்னர் சரியாகிவிடுவதை அறிவீர்கள். கண்ணாடிக்கேற்பச் சிறுமூளை கண்ணசைவின் அளவைத் திருத்திக்கொள்வதால்தான் அது சரியாகின்றது. அந்தத் திருத்தம் நடக்கவேண்டுமாயின் தலை அசையவேண்டும். 1940களில் இங்கிலாந்தில், தலையில் காயமுற்ற படைவீரர்களுக்காகக் கோதோர்ன், குக்ஸி என்ற இருவர் தலையையும் கண்ணையும் அசைக்கும் பயிற்சிகளையே வகுத்தார்கள். வைத்தியர் அனுமதித்தால், மூத்தம்மாவை ஒரு கதிரையில் இருத்தி, சுவரில் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். "அலிஃப்" என்ற எழுத்தே போதும். அதைப் பார்த்தவாறு தலையை மெல்ல இடமும் வலமுமாகத் திருப்பச் சொல்லுங்கள். எழுத்து துள்ளாமல் நிற்கும் வேகத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் சற்றுக் கூட்டுங்கள். பேரப்பிள்ளை ஒருவர் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.